கழகத்தார் கண்ட கால்வாய் நகரம்

எங்கள் குடும்பத்தில் யாரும் முதலில் கைகூப்பியதில்லை. தெய்வத்தின் முன் கூப்புவோம். மனிதர் கூப்பினால் பதிலுக்குக் கூப்புவோம். ஜமாபந்திக்கு வந்த கலெக்டர் முன் என் தகப்பனார் கையைத் தொங்கவிட்டபடியே நின்றதையும், கலெக்டர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தாமே கும்பிட்டதையும் எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். தாராவி மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்த பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை.

இந்த வழக்கத்தினால்தான் என் மகள் சொர்ணத்தின் கல்யாணம் சித்திரை மாதத்திலிருந்து நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் நயினார் உல்லாஸ்நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கல்யாணில் ஓர் உறவினர் வீட்டில் நாங்கள் முதன்முதலாகச் சந்தித்தோம். பெண்ணைப் பெற்றவன் முதலில் கும்பிட வேண்டும் என்பது அவர் எண்ணம். வயதில் இளையவர் முதலில் கும்பிட வேண்டும் என்பது என் எண்ணம். இருவரும் கையைத் தொங்கவிட்டபடி கூடத்தில் எதிரெதிரே நின்றோம். காப்பி ஆறியது. பிறகு உட்கார்ந்து அரிசி விலையும் துணி விலையும் பேசினோம். கல்யாணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. கும்பிடத் தெரியாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று மறுநாள் சொல்லியனுப்பினார்.

பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. சொர்ணத்துக்கும் சம்மதம் என்று அவள் தாய் ஆவுடையம்மாள் சொன்னாள். என் இரண்டு கைகள் ஒன்றாகச் சேர்வதுதான் பாக்கி.

"கையைக் கூப்பினா தேஞ்சா போயிரும்? எம்மவ தலை நரைச்ச பொறவு கூப்புவியளோ?" என்று அவள் கேட்காத நாள் இல்லை. நான் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லும் வழக்கமும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சீனச் சண்டை முடிந்து இரண்டாம் வருஷம் ஆடி மழையில் பெரிய நாலா என்னும் சாக்கடைக் கால்வாய் அடைத்துக்கொண்டு தாராவி மூழ்கியது. அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் மாட்டுங்காவிலிருந்து கலைப் புகைப்படக் கழகத்தார் வந்தார்கள்.

கழகத்தின் தலைவர் மகாதேவன் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக்காக ஐரோப்பா போனபோது, வெனிஸ் நகரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே வண்டி மாற வேண்டி வந்துவிட்டது. அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தை அவரால் மறக்க முடியவில்லை. கால்வாயே தெருவாகவும் படகே வண்டியாகவும் இருக்கும் ஒரு நகரத்துக்குக் கழகத்தாரை அழைத்துப்போய்ப் படமெடுக்க வைப்பது அவருடைய லட்சியம். வெனிஸ் போக அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை. ஆலப்புழை போக ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. தாராவி மூழ்கியது என்று பேப்பரில் படித்ததும், கால்வாய் நகரம் தானாகவே நடந்து வந்திருக்கிறது என்று கழகம் தீர்மானம் போட்டது.

கழகத்தில் ஒரு முறை உண்டு. முதலில் தலைப்பு, பிறகு படம். ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் தலைவர் தலைப்புகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார். 'வறுமையிலும் புன்னகை', 'ஓடமும் ஒருத்தியும்', 'நீதி தேவதை', 'முதுமையின் சரணாகதி' என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒன்று. அதற்கேற்ற ஆளைத் தேடிப் பிடிப்பது உறுப்பினர் பொறுப்பு. இவற்றையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்குள் தொடையளவு தண்ணீர் என்பதுதான்.

கடையின் கதவுப் பலகைகளை ராத்திரி வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வெல்லம் கரைந்து தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் சீனி மூட்டையைத் தோளில் தாங்கி நின்றேன். அப்போது எனக்குக் கஞ்சி கொண்டுவந்த சொர்ணம் ஆணியில் தொங்கிய தராசைப் பார்த்தாள். பாட்டனார் காலத்துத் தராசு அது. கடை இருக்கும்வரை அது தரையில் இறங்கக்கூடாது, நனையக்கூடாது. கடைக்கு ஆபத்து வந்தால் வீட்டுப் பெண்பிள்ளை தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வழக்கம் அப்படி. கொண்டுபோ என்றேன். நானே சொன்னேன்.

அவள் சேலையைத் தொடைக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, துலாக்கோலைத் தலையில் குறுக்கே வைத்து, இரண்டு தட்டும் இரண்டு பக்கமும் ஆட, தண்ணீரில் இறங்கி நடந்தாள். தெருவில் ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. எல்லாரும் அவரவர் மூட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விசில் கேட்டது.

தெரு முனையிலிருந்து ஒரு மிதவை வந்தது. காலி டின்களின் மேல் பலகைகளைக் கட்டியது. தோல் கிடங்கில் வேலை பார்க்கும் என் பக்கத்து வீட்டு முகம்மது ஹனீப் மூங்கிலால் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேலே கோட்டும் தொப்பியும் குடையுமாகக் கழகத்தார் நின்றார்கள். செயலாளர் பஞ்சு கழுத்தில் தொங்கிய கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே, "அசையாதேம்மா. தராசைக் கொஞ்சம் நிமிர்த்திக்கோ," என்றார்.

"எங்க அய்யா கடைத் தராசு இது. வழிய விடுங்க," என்றாள் சொர்ணம்.

"சார், நீதி தேவதை பேசறா," என்று பஞ்சு தலைவரைப் பார்த்துச் சொன்னார். கேமரா ஒரு சின்னச் சத்தம் போட்டது.

நான் சீனி மூட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது தவறு. தொடையளவு தண்ணீரில் யாரும் ஓட முடியாது. மிதவையை எட்டிப் பிடித்து, அந்தப் படத்தை இப்போதே அழிக்க வேண்டும் என்றேன்.

பஞ்சு மரியாதையாகப் பேசினார். சுருளைத் திறந்தால் மற்ற உறுப்பினர்களுக்காக எடுத்த படங்களும் வெளிச்சம் பட்டுப் போய்விடும். எல்லாருக்கும் ஒரே சுருள், அது கழகத்தின் சொத்து. படத்தைப் பற்றி ஆட்சேபம் இருந்தால் உறுப்பினர்தான் சொல்ல முடியும். படத்தில் இருப்பவர்கள் உறுப்பினர் ஆகமாட்டார்கள்.

"அந்தப் படத்த என்ன செய்வீய?" என்று கேட்டேன்.

"பெரிசு பண்ணி ஹாலில் மாட்டுவோம். சனிக்கிழமை கண்காட்சி ஆரம்பம். சுவர் பூராக் கறுப்புத் துணி கட்டறோம். உல்லாஸ்நகர் ஜவுளிக்காரர் நயினார்னு ஒருத்தர், துணியைத் தர்மமாக் குடுத்திருக்கார். அவர்தான் திறந்துவைக்கறார்."

நான் மிதவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் சேலையைத் தொடைக்கு மேல் செருகிக்கொண்டு சுவரில் நிற்பாள். நயினார் திரையை விலக்குவார். மாட்டுங்கா பார்க்கும், செம்பூர் பார்க்கும், கல்யாண் வரைக்கும் பேச்சுப் போகும். சித்திரையில் நின்ற கல்யாணம் பிறகு எந்த மாதத்திலும் நடக்காது. இந்தப் பையனோடு மட்டுமல்ல, எந்தப் பையனோடும்.

"நான் மெம்பர் ஆவணும்," என்றேன்.

ஒரு சுற்றுலாவில் முழுக்கக் கலந்துகொண்டவரே உறுப்பினராகலாம் என்றார் பஞ்சு. நல்லவேளையாக ஒரு சுற்றுலா நடந்துகொண்டிருந்தது. என்னைக் கைகொடுத்து ஏற்றினார்கள். ஏறி நின்று குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே இருந்தவை என் கடைக் கதவுப் பலகைகள். வரிசை எண்கள் என் கையெழுத்தில் இருந்தன.

"ராத்திரி மெதந்து வந்திச்சு அண்ணாச்சி," என்று ஹனீப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பத்திரமா இருக்கட்டுமேன்னு கட்டி வச்சேன். இவங்க வந்து சவாரி கேட்டாங்க."

எனக்கு ஒரு கேமரா தந்தார்கள். அதில் சுருள் இல்லை. முதல் வருஷ உறுப்பினர் சுருள் இல்லாமல் பழக வேண்டும் என்பது விதி. காலி என்பதற்காக அலட்சியமாக எடுக்கக்கூடாது, ஒவ்வொரு படத்தின் தலைப்பையும் உரக்கச் சொல்லிவிட்டே பொத்தானை அழுத்த வேண்டும். அதன்படி நான் என் தெருவில் என் வாடிக்கைக்காரர்களைப் பார்த்து, 'வறுமையிலும் புன்னகை' என்று உரக்கச் சொல்லி, இல்லாத சுருளில் படமெடுத்தேன். அவர்கள் பரண்களிலும் ஓடுகளின் மேலும் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். யாரும் புன்னகைக்கவில்லை. கொஞ்சம் புன்னகைக்கச் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரிந்தவர்கள்தானே என்று பஞ்சு சொன்னார்.

மிதவை என் வீட்டைத் தாண்டியது. சொர்ணம் தராசை உத்தரத்தில் கட்டிவிட்டுத் தாயோடு வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள். மகாதேவன் உதட்டைப் பிதுக்கினார். இறைப்பதை நிறுத்தச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். தண்ணீர் கலங்கினால் வீட்டின் நிழல் தண்ணீரில் விழாதாம்.

ஆவுடையம்மாள் வாளியோடு வாசலில் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

"ஹனீபு, அங்கன நிக்க ஆளு எங்க வீட்டுக்காரவுக மாதிரி இருக்காவ. வீட்டுக்குள்ள தண்ணி ஏறுனது தெரியுமான்னு கேட்டுச் சொல்லு," என்றாள்.

சொர்ணம் ஒன்றும் கேலி செய்யவில்லை. தண்ணீரில் இரண்டடி முன்னால் வந்து, தணிந்த குரலில், "தராசு நனையலய்யா. அந்தப் படம் போயிருமில்லா?" என்று மட்டும் கேட்டாள்.

போய்விடும் என்றேன். குடும்பத்தில் நான் சொன்ன சொல் தவறியதில்லை.

நாலா முகப்பில் அடைப்பெடுக்க ஆட்கள் கம்பியும் கயிறுமாக வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் மகாதேவன் விசில் ஊதி மிதவையை நிறுத்தினார். கையிலிருந்த வெளிச்சமானியை உயர்த்திப் பிடித்தார். முள் இன்னும் சரியான இடத்துக்கு வரவில்லை. மூன்று மணிக்கு மேகம் விலகும், அதுவரை அடைப்பை எடுக்கக்கூடாது என்றார். தொப்பியையும் விசிலையும் பார்த்துப் பெரிய அதிகாரி என்று நினைத்த மேஸ்திரி திகைத்துப்போய், உள்ளே ஜனங்கள் நிற்கிறார்களே என்று கேட்டார்.

மகாதேவன் தொப்பியைக் கழற்றினார். அவர் பேச ஆரம்பித்தால் உறுப்பினர்கள் குடையை மடக்கிவிட வேண்டும் என்பது விதி. மடக்கினோம்.

"ஜனங்களுக்காகத்தான் சொல்றேன். இந்தத் தண்ணி வடிஞ்சுடுத்துன்னா இது என்ன? சேரி. தண்ணி நிக்கற வரைக்கும்தான் இது நகரம். ஆயுசு பூரா சேரியா இருக்கப்போற இடம், இன்னிக்கு மூணு மணி வரைக்கும் நகரமா இருந்துட்டுப் போகட்டுமே. இவாளுக்கு நாம வேறென்ன பண்ணிட முடியும்? நான் கூச்சமில்லாமச் சொல்றேன், இந்த ஜனங்கள் மேல எனக்கு இருக்கற பிரியம் இவா வீட்டுக்காராளுக்கே கிடையாது."

பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, தாராவிவாசியான புது உறுப்பினரே சம்மதிக்கிறார் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுற்றுலாவில் தலைவரை மறுத்துப் பேசினால் உறுப்பினர் பதவி போய்விடும் என்று பஞ்சு என் காதில் சொன்னார். என் வெல்லம் கரைந்துகொண்டிருந்தது. என் அரிசி முளைவிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. என் மனைவி வாளியோடு நின்றாள். நான் தலையசைத்தேன். மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டு நாலாக் கரையில் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு மழைதான் வந்தது.

தயிர்சாதப் பொட்டலம் சாப்பிட்ட பிறகு உறுப்பினர்கள் ஆட்சேபம் சொல்லும் நேரம் மிதவையிலேயே தொடங்கியது. நான் எழுந்து நின்று, நீதி தேவதை என் மகள், கல்யாணத்துக்கு நிற்பவள், அந்தப் படம் வெளியே வரக்கூடாது என்றேன். மகாதேவன் கண்ணை மூடிக் கேட்டார். ஆட்சேபத்தில் உணர்ச்சி இருக்கிறது என்று பாராட்டினார். ஆனால் ஒரு படத்தை விலக்க வேண்டுமானால் அதற்கு ஈடான உணர்ச்சியுள்ள இன்னொரு படம் வேண்டும், சுவரில் வெற்றிடம் விடும் வழக்கம் கழகத்தில் இல்லை என்றார். சுருளில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருந்தது. தலைப்புகளிலும் ஒன்றே ஒன்றுதான் மீதி. முதுமையின் சரணாகதி. அதற்கு இணங்கும் கிழவர் ஒருவர்கூட தாராவியில் அன்று கிடைக்கவில்லையாம்.

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிதந்துவந்த ஒரு சாக்கை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டார்கள். அதில் என் கடை முத்திரை இருந்ததால் திருப்பிப் போட்டார்கள். பிறகு என்னைத் தண்ணீரில் இறக்கி, கையைக் கூப்பச் சொன்னார்கள்.

கை கூடவில்லை. பிடிவாதத்தினால் அல்ல. மனிதர் முன்னால் முதலில் கூடிப் பழக்கமில்லாத கைகள். பாதிதூரம் வந்து நின்றன. பஞ்சு தண்ணீரில் இறங்கி, இரண்டையும் பிடித்துச் சேர்த்துவைத்தார். விட்டதும் பிரிந்தன.

"இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இல்லாமப் பாருங்கோ," என்று மகாதேவன் மேலிருந்து சொன்னார். "உமக்கு இனிமே போக்கிடமே இல்லேன்னு நினைச்சுக்கோங்கோ ஓய்."

நினைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சுவரில் என் மகளை நினைத்தேன். கைகள் கூடின.

ஹனீப் மூங்கிலோடு முதுகைத் திருப்பிக்கொண்டார். "நான் பாக்கல அண்ணாச்சி," என்றார்.

கேமரா அந்தச் சின்னச் சத்தத்தைப் போட்டது. பிரமாதம் என்றார் தலைவர். அடைப்பு எடுக்க உத்தரவானது.

சனிக்கிழமை சாயங்காலம் கஞ்சி போட்ட சட்டையும் சரிகைத் துண்டும் அணிந்து மாட்டுங்கா ஹாலுக்குப் போனேன். சொன்ன சொல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நின்றது. சொர்ணம் எந்தச் சுவரிலும் இல்லை. நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு நான் இருந்தேன். சாக்கு முக்காடு, ஒட்டிய வயிறு, கூப்பிய கை. கீழே முதல் பரிசு என்று எழுதியிருந்தது. எனக்கு அந்தக் கிழவனைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக் கையைத் தொங்கவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

அதுதான் தவறாகப் போயிற்று. இரண்டாம் பரிசுக்காரர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தலைவரைக் கூப்பிட்டார். இந்த மனுஷருக்கு முதுமையும் இல்லை, சரணாகதியும் இல்லை, சரிகைத் துண்டு போட்டிருக்கிறார், எனவே படத்தில் இருப்பது நடிப்பு என்றார். நடித்த உணர்ச்சியைக் கழகம் அங்கீகரிப்பதில்லை. மகாதேவன் என் துண்டின் சரிகையைத் தொட்டுப் பார்த்தார். துக்கப்படுகிறேன், ஓய், என்றார். படத்தை இறக்கிவிட்டு விலக்கிய படத்தையே மாட்டும்படி பஞ்சுவிடம் சொன்னார்.

கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து பஞ்சு ஒரு பெரிய சட்டத்தை எடுத்துவந்தார். அது தயாராகவே இருந்தது. முதுகுப் பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கக்கத்தில் இருந்த அந்தச் சட்டத்துக்குள் என் மகள் இருந்தாள். வாசலில் டாக்சி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நயினார் வந்துவிட்டார், மாலையைக் கொண்டுவாருங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

"அது நடிப்பு இல்ல," என்றேன்.

"அப்போ காட்டுங்கோ," என்றார் மகாதேவன்.

சரிகைத் துண்டை எடுத்துக் கீழே போட்டேன். படத்துக்கு அடியில் நின்றேன். முதுகு தானாக வளைந்தது. கைகள் இந்த முறை பாதிதூரத்தில் நிற்கவில்லை. உடனே கூடின. மகாதேவன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிஜம்தான் என்றார். பஞ்சு சட்டத்தை மாட்டாமல் நின்றார்.

அந்த நேரத்தில் நயினார் உள்ளே வந்தார்.

வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நேர் எதிரே, ஹால் நடுவில், துண்டைத் தரையில் போட்டுவிட்டு, சித்திரையில் கையைத் தூக்காத மனிதன் அவரைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் முகம் மெல்ல இளகியது. வேகமாக வந்தார். வரும் வழியில் தலைக்கு மேலிருந்த படமும் கண்ணில் பட்டது. மறுபடி நின்றார். கண் கலங்கிவிட்டது.

"நேர்ல கும்பிட்டாப் போதாதா மச்சான்? இத்தன சனம் பாக்க, படமே எடுத்து மாட்டிட்டியளே," என்றார். "நான் ஒரு கிறுக்குப் பய. நிமிந்து நில்லுங்க, கைய எறக்குங்க. ஆவணி முகூர்த்தத்துலயே வச்சுக்கிடுவோம்."

கைகூப்பிக் கும்பிட்டார். கழகத்தார் கைதட்டி அவருக்கு மாலை போட்டார்கள். நயினார் மாலையும் கழுத்துமாக என்னைத் தழுவிக்கொண்டு, கையை இறக்குங்கள் என்று இன்னொரு முறையும் சொன்னார். கும்பிட்டபடியே நின்ற என் பணிவைக் கண்டு நெகிழ்ந்துபோய், கண்காட்சியைத் திறந்துவைக்கத் தலைவரோடு நடந்தார்.

அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும், "இனிமே கைய எறக்கலாமா?" என்று பஞ்சுவிடம் மெல்லக் கேட்டேன்.

பஞ்சு கக்கத்திலிருந்த சட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்காட்சி அடுத்த ஞாயிறு வரைக்கும் சார்," என்றார்.